அடுப்படியில் தொடங்கிய போராட்டம்



காந்தி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? வட்டக் கண்ணாடி, கைத்தடி, உப்புச் சத்தியாக்கிரகம். பள்ளிக்கூடத்துல படிச்சது அவ்வளவுதான். அவருடைய சமையலறையைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. அவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமோ அந்தச் சமையலறைதான்.

ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் தம்போய்ப் பக்கம் விடியற்காலை நாலு மணிக்கே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள். நல்ல உழைப்பு, பரவாயில்லாத சம்பளம். ஆனாலும் மாதக் கடைசியில் கையில் காசு நிற்பதில்லை என்று பல வீடுகளில் புலம்பல். காலையில் ரொட்டி சானாய், மத்தியானம் கலவைச் சோறு, ராத்திரி தாப்பாவ். கைபேசிக்குத் தவணை, வண்டிக்குத் தவணை. தவணை கட்டுவதற்காகவே, பிடிக்காத முதலாளியிடமும் வாயைத் திறக்காமல் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காந்தி ஞாபகம்தான் வரும். வீட்டுச் செலவுக்கும் மனுஷனோட தைரியத்துக்கும் உள்ள சம்பந்தத்தை அவரைப் போல் வாழ்ந்து காட்டியவர் குறைவு. அந்த வாழ்க்கையில் அவரோடு சேர்ந்து உழைத்தவர்களில் நம் தமிழர்கள் நிறையப் பேர். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மோகன்தாஸ் 1869 அக்டோபர் 2ஆம் தேதி குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். அப்பா கரம்சந்த் சமஸ்தான திவான். பதவி பெரிது, ஆனால் சொத்து சேர்க்காத மனிதர். அம்மா புத்லிபாய் விரதத்துக்குப் பேர்போனவர். மழைக்கால நோன்பின்போது, சூரியனைப் பார்த்தால்தான் சாப்பிடுவது என்று ஒருமுறை சங்கல்பம் செய்துகொண்டார். மேகம் மூடியிருக்கும். பிள்ளைகள் வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சூரியன் தெரிந்ததும் ஓடிப்போய் அம்மாவைக் கூப்பிடுவார்கள். அவர் வருவதற்குள் மேகம் மறுபடியும் மூடிவிடும். அம்மா சிரித்துக்கொண்டே வேலையைப் பார்க்கப் போய்விடுவார். நாக்கை அடக்கினாலும் முகத்தில் சிரிப்பு மாறாமல் இருக்க முடியும் என்பதைப் பிள்ளை அங்கேதான் முதலில் பார்த்தார்.

18 வயதில், 1888இல், சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பலேறினார். இறைச்சி தொடுவதில்லை என்று அம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். போன புதிதில் அவரும் நம்மைப் போலத்தான். பாண்ட் தெருவில் 10 பவுன் கொடுத்து ஒரு சூட் தைத்துக்கொண்டார். பட்டுத் தொப்பி, தங்கச் சங்கிலி போட்ட கடிகாரம், நடன வகுப்புக்கு 3 பவுன், வயலினுக்கு இன்னொரு 3 பவுன். சுருக்கமாகச் சொன்னால், ஸ்டைல் பண்ணினார். கொஞ்ச நாளில், அண்ணன் கஷ்டப்பட்டு அனுப்பும் காசு இது என்று உறைத்தது. வயலினை விற்றார். ஒவ்வொரு காசுக்கும், பஸ் டிக்கெட், தபால் தலை உட்பட, கணக்கு எழுதினார். தூங்கப் போகும் முன் கணக்கு நேராக வேண்டும். வாடகை அதிகமான இடத்தை விட்டு ஒற்றை அறைக்கு மாறினார். ஓர் அடுப்பு வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும், ராத்திரி ரொட்டியும் கோக்கோவும் தன் கையால். மத்தியானம் மட்டும் வெளியே. ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு 1 ஷில்லிங் 3 பென்ஸுக்குள் வந்தது. வண்டியை விட்டு நடந்தே போனதில் உடம்பும் தேறியது.

ஆனால் அவர் பட்டினி கிடக்கவில்லை. கிடைத்ததைக் கொறித்துக்கொண்டு அரைவயிறாகக் கிடந்தது ஆரம்பத்தில்தான். தானே சமைக்கத் தொடங்கிய பிறகுதான் வயிறு நிறைந்தது. இதைக் கவனிங்க. சிக்கனம்னா வயித்தைக் கட்டுறதுன்னு நாம நெனச்சுக்கிறோம். கைப்பக்குவம் தெரியாதவனுக்குத்தான் அது வயிற்றைக் கட்டுவது.

1893இல் ஒரு வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஆண்டு அவர் அலுவலகத்துக்கு ஒரு தமிழர் வந்தார். பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்ததில் பல் உடைந்து, வாயில் ரத்தம். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்காகக் காந்தி வாதாடி, வேறு முதலாளியிடம் மாற்றிவிட்டார். அதன் பிறகு கூலித் தமிழர்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். அதே காலத்தில் மலாயாவுக்கும் ஒப்பந்தத்தின் பேரில் நம் ஆட்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தார்கள். பாலசுந்தரம் நம் கொள்ளுத் தாத்தாக்களில் ஒருவர் மாதிரிதான்.

டர்பனில் காந்தி வக்கீலாகச் சம்பாதித்தார். காலருக்கான சலவைச் செலவு காலரின் விலையையே எட்டுகிறதே என்று தானே துவைக்கக் கற்றுக்கொண்டார். முதல்நாள் கஞ்சி அதிகமாகப் போய், கோர்ட்டில் காலரிலிருந்து கஞ்சி சொட்டியது. மற்ற வக்கீல்கள் சிரித்தார்கள். பிரிட்டோரியாவில் வெள்ளைக்கார முடிதிருத்துநர் ஒருவர் இவருக்கு முடிவெட்ட மறுத்தபோது, கருவி வாங்கித் தானே வெட்டிக்கொண்டார். பின்பக்கம் அலங்கோலம். எலி கடித்துவிட்டதா என்று கேட்டார்கள். அவர் கவலைப்படவில்லை. பிறர் சிரிப்பாங்களேன்னு பயந்துதானே நாமும் பாதிச் செலவு பண்றோம்? அந்தப் பயத்தை அவர் முதலில் விட்டார்.

ஜோகானஸ்பர்க் வந்த பிறகு இது குடும்பத்துக்கே பரவியது. கடை ரொட்டி வேண்டாம் என்று முடிவாயிற்று. 7 பவுன் கொடுத்து ஒரு கைத் திரிகை வாங்கினார். இரும்புச் சக்கரம், ஒருவரால் சுற்றுவது கடினம், இருவர் சேர்ந்தால் சுலபம். காந்தியும், அவர் வீட்டில் தங்கியிருந்த போலக் என்ற ஆங்கிலேய நண்பரும், பிள்ளைகளும் அரைப்பார்கள். கஸ்தூரிபாவும் அவ்வப்போது கை கொடுப்பார். அரைக்கும் நேரம்தான் அவருக்குச் சமையலைத் தொடங்கும் நேரம். அதனால் அது பெரும்பாலும் ஆண்களின் வேலையாக, பிள்ளைகளின் விளையாட்டாக ஆகிவிட்டது. நம் வீடுகளில் சிக்கனம் என்று பேச்செடுத்தால் அம்மா தலையில்தான் வந்து விழும். வெளியே சாப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு அப்பா டிவி பார்ப்பார், அம்மா அடுப்பில் வேகுவார். அந்த வீட்டில் திரிகையைப் பிடித்தது வக்கீல்.

1904இல் ஜோகானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் போகும்போது, போலக் கொடுத்த ரஸ்கினின் புத்தகம் ஒன்றைப் படித்தார். 24 மணி நேரப் பயணம். ராத்திரி தூக்கம் வரவில்லை. உடலுழைப்பு வாழ்க்கையே உயர்ந்த வாழ்க்கை என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. சீக்கிரமே டர்பனிலிருந்து 14 மைலில் ஃபீனிக்ஸ் என்ற இடத்தில் 100 ஏக்கர் நிலத்தை 1,000 பவுனுக்கு வாங்கினார். இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையின் அச்சகத்தை அங்கே மாற்றினார். அந்தப் பத்திரிகையில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. அங்கே வேலை செய்தவர்களுக்கு நிறமோ நாடோ பாராமல் மாதம் 3 பவுன். கூடவே பயிர் செய்ய ஆளுக்கு 3 ஏக்கர். பாம்பும் புல்லும் நிறைந்த அந்த நிலத்தில் பழமரங்களுக்கிடையே குடும்பங்கள் குடியேறின.

இதுவரை நடந்ததெல்லாம் ஒத்திகை. உண்மையான பரீட்சை இனிமேல்தான்.

டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. 1906இல் எதிர்ப்பு தொடங்கியது. ஆண்கள் அலை அலையாகச் சிறைக்குப் போனார்கள். அதில் தமிழர்கள் முன்வரிசையில் நின்றார்கள். மொரீஷியஸில் பிறந்த தம்பி நாயுடு திரும்பத் திரும்பச் சிறை போனவர். சரி, கணவன் ஜெயிலுக்குப் போனால் மனைவி பிள்ளைகளுக்குச் சோறு? ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதாமாதம் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குப் போதவில்லை. சிலர் தேவைக்கு மேல் கேட்டார்கள். எப்படிப் பங்கு போட்டாலும் மனத்தாங்கல். பணமோ கரைந்துகொண்டே போனது. இப்படியே போனால் அரசாங்கம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பசியே போராட்டத்தை முடித்துவிடும்.

அப்போது கைகொடுத்தவர் ஹெர்மன் காலன்பாக். யூதர், கட்டடக் கலைஞர், பணக்காரர். வீட்டு வாடகை போக, தன் ஒருவருக்கே மாதம் 1,200 ரூபாய் கணக்கில் செலவழித்துக்கொண்டிருந்தவர். காந்தியோடு பழகிய பின் அதை 120 ரூபாயாகக் குறைத்துக்கொண்டார். ஜோகானஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில் 1,100 ஏக்கர் பண்ணை ஒன்றை வாங்கி, 1910 மே 30ஆம் தேதி, போராடும் குடும்பங்கள் வாடகையில்லாமல் தங்குவதற்காகக் கொடுத்தார். டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் வைத்தார்கள்.

பண்ணையில் ஆயிரம் பழமரங்கள் போல இருந்தன. ஆரஞ்சு, ஆப்ரிகாட், பிளம். இரண்டு கிணறு, ஓர் ஊற்று. தங்குவதற்குத் தகரக் கொட்டகைகளைத் தாங்களே சேர்ந்து கட்டினார்கள். சுமார் 40 இளைஞர்கள், சில பெரியவர்கள், பெண்கள், 20, 30 பிள்ளைகள். தமிழ், தெலுங்கு, குஜராத்தி, இந்தி பேசுபவர்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், பார்சிகள். வேலைக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. சமையலிலிருந்து கழிவு அள்ளுவது வரை எல்லாம் தாங்களே. இவ்வளவு பேருக்கும் ஒரே ஒரு சமையற்கட்டு.

ஒரே அடுப்பு என்றால் ஒரு சங்கடம் வருமில்லையா? இறைச்சி சாப்பிடும் குடும்பங்களும் இருந்தன. அவர்கள் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், மறுக்க நமக்கு உரிமையில்லை என்பதே காந்தியின் முடிவு. பிறகு அந்தப் பெண்களிடமே பேசினார். செலவையும் நிலைமையையும் கேட்ட அவர்கள், சைவச் சமையலே போதும் என்று ஒப்புக்கொண்டார்கள். ரம்ஜான் நோன்பு வந்தபோது மற்ற மதத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளோடு சேர்ந்து ஒருவேளை உணவு விரதம் இருந்தார்கள். காந்தி தம் சமயத்தில் ஆழமாக ஊன்றியவர். அதனால்தான் பிறர் நோன்பை மதிக்க அவருக்குப் பயமில்லை.

காலை 6 மணிக்கு வீட்டு ரொட்டியும் கோதுமைக் காப்பியும். கோதுமையை வறுத்துப் பொடித்து வைத்த காப்பி அது. 11 மணிக்குச் சோறு, பருப்பு, காய்கறி. மாலை 5.30க்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், இல்லையென்றால் ரொட்டியும் காப்பியும். எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு, அவரவர் பாத்திரத்தை அவரவரே கழுவ வேண்டும். பெரிய பாத்திரங்களுக்கு முறை வைத்திருந்தார்கள். ராத்திரி பஜனை, பிறகு தூக்கம்.

பட்டணத்துக்குச் சொந்த வேலையாகப் போனால் நடந்துதான் போக வேண்டும் என்று விதி. 21 மைல் என்றால், தம்போயிலிருந்து கூலாயையும் தாண்டிப் போகிற தூரம். விடியற்காலை 2 மணிக்குக் கிளம்புவார்கள். கையில் கட்டுச் சாதம் மாதிரி வீட்டு ரொட்டி, வேர்க்கடலையை வறுத்து அரைத்த வெண்ணெய், ஆரஞ்சுத் தோலில் செய்த ஜாம். எல்லாம் பண்ணையில் செய்தது. தோலைக்கூடத் தூக்கிப்போடவில்லை பாருங்க! பாத்திரம் கழுவிய தண்ணீர் மரத்துக்குப் போனது. காய்கறிக் கழிவும், குழியில் மண்போட்டு மூடிய மனிதக் கழிவும் எருவாயின. ஈ மொய்க்காமல் இடம் சுத்தமாக இருந்தது. காலன்பாக் மடாலயம் ஒன்றுக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுவந்தார், அவரிடமிருந்து காந்தி கற்றார், பிறகு மற்றவர்கள். காலையில் பிள்ளைகள் காலன்பாக்குடன் தோட்ட வேலை, பகலில் பள்ளிக்கூடம். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தவர் யார் தெரியுமா? காந்திதான். கப்பலிலும் சிறையிலும் போப்பையர் புத்தகத்தை வைத்துக் கற்ற கொஞ்சத் தமிழ்!

இந்த வாழ்க்கைக்கு ஒரு விலையும் இருந்தது. அதை மறைத்தால் நான் எழுதுவது புகழ்மாலையாகிவிடும். டர்பன் வீட்டில், உடன் தங்கியிருந்த குமாஸ்தாவின் கழிவுப் பானையைச் சிரித்த முகத்தோடு எடுக்கவில்லை என்று கஸ்தூரிபாவை வாசல் வரை இழுத்துக்கொண்டு போனவர் இதே காந்திதான். தம் செயலைப் பிறகு அவரே வெட்கத்தோடு எழுதி வைத்தார். மூத்த மகன் ஹரிலால் பலமுறை சிறை போன வீரர். தனக்கு ஒழுங்கான படிப்பு கிடைக்கவில்லை என்ற வருத்தத்தில் 1911இல் அப்பாவை விட்டுப் பிரிந்தார். அந்தக் காயம் ஆறவே இல்லை. வீட்டில் எல்லோரும் மனமொப்பிச் செய்தால்தான் சிக்கனம் சுகம். ஒருவர் பிடிவாதமாகத் திணித்தால் அது வீட்டையே பிரித்துவிடும். பண்ணைப் பெண்களிடம் கேட்டு முடிவெடுத்த மனிதர், சொந்த வீட்டில் கேட்க மறந்த இடங்கள் உண்டு. நாம் இரண்டையும் படித்துக்கொள்ள வேண்டும்.

பண்ணை வாழ்க்கையின் பலன் 1913இல் தெரிந்தது. ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மீது விதித்த 3 பவுன் தலைவரியை எதிர்த்தும், இந்தியத் திருமணங்கள் செல்லாது என்ற தீர்ப்பை எதிர்த்தும் போராட்டம் மறுபடி மூண்டது. டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார்கள். சுரங்கம் நின்றது. அந்தப் பெண்களுக்கு 3 மாதக் கடுங்காவல். கஸ்தூரிபாவும் சிறை சென்றார். 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 பிள்ளைகள் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். ஆளுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை, அதுதான் ஒரு நாள் உணவு. கிளம்புவதற்கு முன் முகாமில் சோறும் பருப்பும் பரிமாறியவர்களில் காந்தியே முதல் ஆள். சில நாள் பருப்பு தண்ணீராக இருக்கும், சில நாள் சோறு வேகாமல் இருக்கும். யாரும் முகம் சுளிக்கவில்லை. சிறைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பிய 16 வயதுத் தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22ஆம் தேதி உயிர்விட்டார். அந்த ஆண்டிலேயே தலைவரி ஒழிந்தது; நம் திருமணங்களும் செல்லுபடியாயின.

சிறைச் சாப்பாடு அவர்களை மிரட்ட முடியவில்லை. அதைவிட எளிமையாகச் சாப்பிட்டுப் பழகியிருந்தார்கள். வேலை போய்விடும் என்ற மிரட்டலும் எடுபடவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு பொது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வயிறு அடுத்தவன் கையில் இல்லாதபோது வாய்க்குப் பூட்டுப் போட முடியாது. இதற்காகத்தான் இவ்வளவு பெரிய போராட்டத்தின் கதையில் நான் சமையலறையைத் தேடிப் போனேன்.

1915இல் இந்தியா திரும்பிய பிறகும் அவர் மாறவில்லை. சபர்மதியிலும் சேவாகிராமிலும் அதே பொதுச் சமையல், அதே தோட்ட வேலை. 1921 செப்டம்பரில் நம் மதுரையில்தான், ஏழைகளின் உடையைப் பார்த்து, அரை வேட்டிக்கு மாறினார். வந்த கடித உறைகளைப் பிரித்து உள்பக்கத்தில் எழுதினார். 1948 ஜனவரி 30ஆம் தேதி சுடப்பட்டு இறந்தபோது அவர் விட்டுச் சென்ற உடைமைகள் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

இப்போது நம் பக்கம் வருவோம். ஆயிரத்து நூறு ஏக்கருக்கு நாம் எங்கே போவது? தாமான் வீட்டில் வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவில் நாலடி இடம். போதும். நம் தாத்தா பாட்டிகளுக்கும் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் அவ்வளவுதான் இருந்தது. அதில் முருங்கை, வெண்டை, மரவள்ளி போட்டு, மாடும் வளர்த்தார்கள். கடைப் பற்று ஏறாமல் பார்த்துக்கொண்டது அந்தக் கொல்லைதான்.

ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றினால் போதும். நம் மழைக்குத் தானாகத் துளிர்க்கும். தண்டுக்கீரையும் கங்கோங்கும் தொட்டியிலேயே ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வந்துவிடும். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், செராய், பசலைக்கொடி இவற்றுக்குக் காசு கொடுப்பது வீண். அரிசி கழுவின தண்ணியை ஊத்துங்க, காய்த்தோலை மண்ணில் புதையுங்க. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விட்டால் டிங்கி கொசு வந்துவிடும்.

ஒரு மாதம், லண்டனில் அந்த இளைஞர் எழுதிய மாதிரி, சல்லிக் காசு விடாமல் கணக்கு எழுதிப் பாருங்கள். தாப்பாவ் எவ்வளவு, தவணை எவ்வளவு என்று உங்கள் கையெழுத்திலேயே தெரியும். வாரத்தில் இரண்டு நாள் அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு அண்ணன் தம்பி சேர்ந்து சமையுங்கள். முதல்நாள் குழம்பு தண்ணியாத்தான் இருக்கும். காந்தி ஊற்றிய பருப்பும் அப்படித்தான் இருந்தது.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, வீட்டில் விளைந்த ஏதாவது ஒன்றைச் சமைத்து எடுத்து வாருங்கள். கீரைப் பொரியலோ, முருங்கைக்கீரை ரொட்டியோ, எதுவானாலும் சரி. ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவுவோம்.

வாழ்க வளமுடன்.